அமெரிக்காவில் ஒரு பெண் பல்கலைக்கழகத் தலைவர் ஆவது எப்படி?

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு 1636. அதன் தலைவர் பதவியில் முதல் பெண் அமர்ந்த ஆண்டு 2007. ட்ரூ கில்பின் ஃபௌஸ்ட் என்ற வரலாற்றுப் பேராசிரியர் அவர். வரிசையில் 28-வது தலைவர். இடையில் கிடக்கும் 371 ஆண்டுகளைப் பார்த்ததும், தகுதியான பெண் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம்: அந்த நாற்காலிக்குப் போகும் வழி எது, வழியிலுள்ள கதவுகளைத் திறந்துவிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இது புரிந்துவிட்டால், ஒரு பெண் தலைவரின் பணி வாழ்க்கையைப் பற்றி எங்கே படித்தாலும், அதில் எது உண்மையான திருப்பம் என்று உங்களுக்கே பிடிபடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர் செய்வது ஏறத்தாழ நம் துணைவேந்தர் செய்யும் வேலை. நியமிக்கும் விதம்தான் வேறு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மாதிரியான தனியார் பல்கலைக்கழகங்களில் அறங்காவலர் குழு ஒன்று இருக்கும். தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள், பழைய மாணவர்கள், பெரிய நன்கொடையாளர்கள் அதில் உறுப்பினர்கள். தலைவரை வேலைக்கு எடுப்பதும் அவர்கள், வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே இடத்தில் இருப்பவர்களை ரீஜென்ட் என்பார்கள். டெக்சஸில் அவர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர்.) மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரீஜென்ட்களை மாநில மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பதவிப் பெயர்களில் கொஞ்சம் குழப்பம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெர்க்லி மாதிரியான ஒரு வளாகத்தின் தலைவர் சான்சலர். எல்லா வளாகங்களுக்கும் மேலே இருப்பவர் பிரசிடென்ட். வேறு இடங்களில் இது அப்படியே தலைகீழ். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் இரண்டு பொறுப்புகளையும் ரேணு கட்டோர் ஒருவரே வகித்து வருகிறார். உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாதில் பிறந்து, 18 வயதில் பெற்றோர் பார்த்து வைத்த திருமணம் முடிந்து, கணவருடன் அமெரிக்கா போனவர். அங்கே பர்டூ பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். அதன் பிறகு தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஹூஸ்டன் அவரைக் கூப்பிட்டபோது அங்கே அவர் புரோவோஸ்டாக இருந்தார். இந்தப் பதவிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதவு: நிரந்தரப் பணி

தலைவர் பதவிக்கு வரும் பெரும்பாலோர் பேராசிரியராகத் தொடங்கியவர்கள். முனைவர் பட்டம் முடித்ததும் உதவிப் பேராசிரியர் வேலை. ஆறாவது ஆண்டு வாக்கில், அதுவரை செய்த ஆராய்ச்சி, எழுதிய கட்டுரைகள், கற்பித்த பாடங்கள் எல்லாவற்றையும் கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதே துறையைச் சேர்ந்த வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் ரகசியமாக மதிப்பீட்டுக் கடிதங்கள் கேட்டு வாங்குவார்கள். தேறினால் டென்யூர் என்ற நிரந்தரப் பணி உரிமை கிடைக்கும். இணைப் பேராசிரியர் ஆகலாம். தேறாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வழக்கமாக ஒரு வருட அவகாசம். அவ்வளவுதான். இந்தத் தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1940-லேயே வரையறுத்தது. பெரும்பாலான இடங்களில் இன்றும் அதையொட்டித்தான் நடக்கிறது.

இப்போது வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதுகளின் இறுதியில் முனைவர் பட்டம், முப்பதுகளின் நடுவில் டென்யூர் தீர்ப்பு. குழந்தை பெற்று வளர்க்கும் வயதும் சரியாக அதுதான். குழந்தை பிறந்தால் கெடுவை ஒரு வருடம் தள்ளிப்போடும் சலுகை இன்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அது பரவலானது சில பத்தாண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முன் இருந்த நிலைமை இன்னும் கடுமை. கணவன் பணிபுரியும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தரக் கூடாது என்ற விதி பல இடங்களில் 1960-கள் வரையிலும் இருந்தது. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்கும் விதி என்று பெயர். அடிபட்டது பெரும்பாலும் மனைவிதான். 1963-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசை வென்ற மரியா கேப்பர்ட் மேயர், கணவர் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் சம்பளமில்லாமலும் அரைகுறைப் பதவிகளிலும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர். அப்பேர்ப்பட்டவருக்கே முழுநேரப் பேராசிரியர் பதவி கிடைக்க 1960 வரை ஆயிற்று. டென்யூர் இல்லாதவரைத் துறைத் தலைவராகவோ டீனாகவோ யாரும் யோசிப்பதில்லை. பல பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து விழுந்தது இந்த முதல் கதவருகே, யாருடைய கண்ணிலும் படாமல்.

இன்னும் பழைய காலத்தில் திருமணமே போதும். வெல்ஸ்லி மகளிர் கல்லூரியின் தலைவராக ஆலிஸ் ஃப்ரீமன் 1880-களின் தொடக்கத்தில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நன்றாக நடத்தினார். 1887-ல் ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். உடனே பதவி விலகினார். அன்று அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

புரோவோஸ்ட் என்ற தாழ்வாரம்

டென்யூருக்குப் பிறகு முழுப் பேராசிரியர், துறைத் தலைவர், டீன் என்று படிகள். டீன் என்பவர் கலை, பொறியியல், சட்டம் என ஒரு புலம் முழுவதற்கும் பொறுப்பு. எல்லா டீன்களுக்கும் மேலே, தலைவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்தான் புரோவோஸ்ட். வெளியுலகுக்கு இந்தப் பதவி கிட்டத்தட்டத் தெரியாது. நாளிதழில் படம் வராது, பட்டமளிப்பு விழாவில் உரையாற்றுவதும் அபூர்வம். என்றாலும், இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஏன் என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். வேதியியல் துறையில் ஒரு பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தங்களுடையது என்று வேதியியல் துறை நினைக்கும். பல பல்கலைக்கழகங்களில் அப்படிக் கிடையாது. காலியான இடமும் அதற்கான சம்பளமும் டீனுக்கோ புரோவோஸ்டுக்கோ திரும்பிப் போகும். கணினி அறிவியலில் மாணவர் கூட்டம் தாங்கவில்லை, அந்த இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று பொறியியல் டீன் வந்து நிற்பார். வேதியியலில் அடிப்படைப் பாடம் எடுக்கவே ஆளில்லை என்று அறிவியல் டீன் வாதாடுவார். புதிய ஆளுக்கு ஆய்வகம் அமைத்துத் தர எவ்வளவு ஆகும், அந்தச் செலவு எத்தனை வருடத்தில் ஆராய்ச்சி மானியமாகத் திரும்பி வரும், நூலகச் செலவைக் குறைத்து இதற்குத் திருப்பலாமா? இப்படிப்பட்ட முடிவுகள் ஒவ்வொரு வருடமும் அடுக்கடுக்காக வரும். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். இதை நாலைந்து வருடம் செய்தவருக்குப் பல்கலைக்கழகத்தின் பணம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பது அத்துப்படி. அறங்காவலர்கள் தலைவரைத் தேடும்போது முதலில் பார்ப்பது இந்த அனுபவத்தைத்தான்.

ஆகவே பெண்கள் தலைவரான வரலாறு என்பது பெரும்பகுதி பெண்கள் புரோவோஸ்டான வரலாறு. ஹன்னா ஹோல்போர்ன் கிரே 1930-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த குடும்பம். மறுமலர்ச்சிக் கால வரலாற்றறிஞர். 1974-ல் யேலின் புரோவோஸ்ட் ஆனார். 1977-ல் அங்கே தலைவராக இருந்தவர் பிரிட்டனுக்குத் தூதராகப் போய்விட, ஓராண்டு தற்காலிகத் தலைவராக இருந்தார். யேல் அவரை நிரந்தரமாக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொண்டது; 1978 முதல் 1993 வரை 15 ஆண்டுகள் அங்கே தலைவர். பின்னாளில் அதே யேலில் புரோவோஸ்டாக இருந்த ஜூடித் ரோடின் 1994-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களில் நிரந்தரத் தலைவரான முதல் பெண் அவர்தான்.

பிரின்ஸ்டன் கதை இன்னும் சுவையானது. இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்கவே 1969 வரை காத்திருந்த இடம் அது. 2001-ல் புதிய தலைவரைத் தேடும் குழுவில் மூலக்கூறு உயிரியலாளர் ஷர்லி டில்மன் உறுப்பினராக இருந்தார். தேடல் பாதியில் இருக்கும்போது, குழுவிலிருந்து விலகி நீங்களே ஏன் வரக் கூடாது என்று சக உறுப்பினர்கள் கேட்டார்கள். வந்தார். புரோவோஸ்டாக அவர் நியமித்தது ஏமி கட்மன் என்ற அரசியல் தத்துவப் பேராசிரியரை. மூன்றே ஆண்டில், 2004-ல், ரோடினுக்குப் பின் பென்சில்வேனியாவின் தலைவராகக் கட்மன் போனார். அங்கே 2022 வரை இருந்தார். முக்கியமான பொறுப்பில் ஒரு பெண் இருந்தால் அடுத்தவருக்குப் பாதை திறக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எப்படி நடக்கிறது என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று: ஒரு நியமன ஆணை.

வேறு வழியாக வருகிறவர்களும் உண்டு. ஷர்லி ஆன் ஜாக்சன் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்துவிட்டு, 1999-ல் ரென்சலர் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வந்தவர். அரிசோனாவின் ஆளுநராக இருந்த ஜேனட் நபோலிடானோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் ஆனார். இவர்களும் பெரிய வரவுசெலவைக் கையாண்டு காட்டிய பிறகே வந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேடல் எப்படி நடக்கும்?

பதவி காலியானதும் அறங்காவலர்கள், பேராசிரியர்கள், சில இடங்களில் மாணவர்களும் கொண்ட தேடல் குழு அமையும். தலைமைப் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்துவார்கள். விளம்பரம் வரும், ஆனால் வலுவான பெயர்கள் பெரும்பாலும் விண்ணப்பித்து வருவதில்லை, தொலைபேசியில் அழைக்கப்பட்டு வருகிறார்கள். முதல் சுற்று நேர்காணல் விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் நடப்பது பழைய வழக்கம். இப்போதைய பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தால் அங்கே நிலைமை சங்கடமாகிவிடும் என்பதால் எல்லாம் ரகசியம். இந்த ரகசியத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாரை அழைப்பது என்பதை, யாரை ஏற்கெனவே தெரியும் என்பதே தீர்மானிக்கிறது. கிளப்களிலும் நிர்வாகக் குழுக்களிலும் ஆண்கள் மட்டுமே சந்தித்துக்கொண்ட காலத்தில் அந்தத் தொலைபேசி எந்த வீட்டில் மணியடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ரூத் சிம்மன்ஸ்: ஒரு பணி வாழ்க்கை, கிட்டத்தில்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க ரூத் சிம்மன்ஸை விடப் பொருத்தமானவர் இல்லை. 1945-ல் டெக்சஸின் கிரேப்லேண்டில் பிறந்தார். 12 பிள்ளைகளில் கடைசி. அப்பா அடுத்தவர் நிலத்தில், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வார முறையில் பயிர் செய்தவர். பிறகு குடும்பம் ஹூஸ்டனுக்கு நகர்ந்தது. அப்பா தொழிற்சாலைக்குப் போனார், அம்மா பிறர் வீடுகளில் வேலை செய்தார். ரூத்துக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மாணவர்களுக்கென உருவான தில்லர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் சேர, உதவித்தொகைக்கு வழி செய்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். போட்டுக்கொண்டு போகத் துணிமணியும் அவர்கள்தான் கொடுத்தார்கள். நடுவில் ஓராண்டு வெல்ஸ்லியில் படித்தார். ஒரு பெண் ஒரு கல்லூரியையே நடத்துவதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தார். அப்போதைய தலைவர் மார்கரெட் கிளாப்.

1973-ல் ஹார்வர்டில் பிரெஞ்சு முதலான மொழிகளின் இலக்கியத்தில் முனைவர் பட்டம். அதற்குப் பின் வரும் பதவிகளைப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், சீக்கிரமே உதவி டீன். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கான இணை டீன். 1983-ல் பிரின்ஸ்டன். கறுப்பின ஆய்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். பிறகு பேராசிரியர் நியமனங்களைக் கவனிக்கும் இணை டீன். 1990-ல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியின் புரோவோஸ்ட். திரும்பவும் பிரின்ஸ்டன், இந்த முறை துணைப் புரோவோஸ்ட். இவற்றில் ஒன்றுகூட ஊர் பேசும் பதவி இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ‘உதவி’, ‘இணை’, ‘துணை’ என்ற முன்னொட்டுகளுடன் நியமனம், வரவுசெலவு, மாணவர் குறைதீர்ப்பு என்று வேலை பார்த்திருக்கிறார். பலரும் இந்த இருபது வருடத்தை ஒரு வரியில் கடந்து, ‘முதல் கறுப்பினத் தலைவர்’ என்பதற்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த இருபது வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1995-ல் ஸ்மித் மகளிர் கல்லூரி அவரைத் தலைவராக்கியது. அமெரிக்க மகளிர் கல்லூரிகளிலேயே முதல் பொறியியல் படிப்பை அவர் அங்கே தொடங்கி வைத்தார். பொறியியலுக்கு ஆய்வகம் வேண்டும், புதிய பேராசிரியர்கள் வேண்டும், பல ஆண்டுகளுக்குப் பணம் வேண்டும். தாழ்வாரத்தில் கற்ற பாடம் இங்கே உதவியது. 2001-ல் பிரௌன் பல்கலைக்கழகம். ஐவி லீகில் தலைவரான முதல் கறுப்பினத்தவர், ஆணிலும் பெண்ணிலும். குடும்பத்துக்குப் பணம் கட்ட வசதி உண்டா என்று பார்க்காமல் மாணவர்களைச் சேர்ப்பது என்ற கொள்கை அவர் காலத்தில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தேவையான பணத்துக்கு நன்கொடைத் திரட்டல் நடத்தி சுமார் 160 கோடி டாலர் சேர்த்தார்.

2003-ல் அவர் எடுத்த இன்னொரு முடிவு வேறு ரகம். பிரௌனைத் தொடக்கத்தில் வளர்த்த குடும்பங்களில் சில அடிமை வணிகத்தில் ஈடுபட்டவை. அந்தத் தொடர்பைத் தோண்டிப் பார்த்து வெளியே சொல்ல ஒரு குழுவை அமைத்தார். அறிக்கை 2006-ல் வந்தது. அடிமைகளின் வழித்தோன்றலான ஒருவர், அடிமைப் பணம் கலந்து வளர்ந்த நிறுவனத்தின் தலைவராக இருந்து, அதன் கணக்கை அதன் வாயாலேயே சொல்ல வைத்தார். பின்னாளில் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதே மாதிரி ஆய்வுகளைச் செய்தன.

நாற்காலியில் அமர்ந்த பின்

தலைவரின் நாட்களில் பெரும்பங்கைப் பணம் எடுத்துக்கொள்ளும். தனியார் பல்கலைக்கழகத்தில் நன்கொடையாளர் சந்திப்புகள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடுதலாகச் சட்டமன்றத்தின் நிதிக் குழு முன் நிற்க வேண்டும். விளையாட்டும் ஒரு பெரிய தலைவலி. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் தலைவரைவிட அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சம்பளம் அதிகம். தலைவருக்கென அதிகாரபூர்வ இல்லம் இருக்கும். அங்கே விருந்துகள் நடக்கும். தலைவர் ஆணாக இருந்தவரை, விருந்துப் பட்டியல் முதல் பூச்சாடி வரை சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. அந்த இடத்தில் ஒரு பெண் வந்தபோது, இந்த வேலையும் அவர் தலையில்தான் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்தால், அமெரிக்கக் கல்விக் குழுமம் முதன்முதலில் 1986-ல் கணக்கெடுத்தபோது கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதம். 2023-ல் வெளியான கணக்கெடுப்பில் 33 சதவீதம். மாணவர்களில் பெண்கள் பாதிக்கு மேல் ஆகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வளர்ச்சி மெதுவானதுதான்.

பதவிக்காலமும் சுருங்கி வருகிறது. பொறுப்பில் இருப்பவர்கள் அதுவரை கடந்த காலத்தின் சராசரி 2006-ல் 8.5 ஆண்டு, அண்மைக் கணக்கெடுப்பில் 5.9. 2023 டிசம்பர் 5 அன்று, வளாகங்களில் யூத எதிர்ப்பு குறித்த விசாரணைக்கு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மூன்று தலைவர்கள் அமர்ந்தார்கள்: ஹார்வர்டின் கிளாடின் கே, பென்சில்வேனியாவின் லிஸ் மகில், எம்ஐடியின் சாலி கோர்ன்பிளத். மூவரும் பெண்கள். அவர்கள் சொன்ன பதில்களுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. நான்கு நாளில் மகில் விலகினார். ஹார்வர்டின் முதல் கறுப்பினத் தலைவரான கே, எழுத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொள்ள, 2024 ஜனவரி 2-ல் விலகினார். பதவியேற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோர்ன்பிளத்துக்கு அவருடைய நிர்வாகக் குழு துணை நின்றது, அவர் தொடர்ந்தார். அந்தப் பதில்களைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அமைப்பு எப்படி இயங்குகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. பேராசிரியருக்கு டென்யூர் காவல். தலைவருக்கு அப்படி எதுவும் இல்லை. அறங்காவலர்களின் நம்பிக்கை இருக்கும்வரைதான் நாற்காலி.

அதனால்தான் தலைவராகப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் பேராசிரியர் பதவியையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பதவி முடிந்தால் வகுப்புக்குத் திரும்பலாம். கே ஹார்வர்டிலேயே பேராசிரியராகத் தொடர்கிறார். ஃபௌஸ்ட் 2018-ல் விலகிய பின் அங்கேயே பேராசிரியர் ஆனார். ரூத் சிம்மன்ஸ் 2012-ல் பிரௌனை விட்டு ஓய்வு பெற்று டெக்சஸ் திரும்பினார். 2017-ல் அங்குள்ள கறுப்பினப் பல்கலைக்கழகமான பிரைரி வியூ, தலைவர் இல்லாத நிலையில், தற்காலிகமாக வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. எழுபது வயதைத் தாண்டியிருந்தார். போனார், தற்காலிகம் நிரந்தரமாகி 2023 வரை இருந்தார். அவர் அங்கிருந்தபோது 2020-ல் பெரும் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் கொடுத்த 5 கோடி டாலர், அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை பெற்ற நன்கொடைகளிலேயே பெரியது.